மட்டம் = 0

2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். மிச்சமிருக்கும் வார்னிங்: ஒன்று.

மகனே, அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன மாதம் அது பூஜ்யமாக இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டிலிருந்து பதினோரு நாளில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தவன் நான். அதைப் பெருமையாக இதே வலைப்பக்கத்தில் எழுதவும் செய்தேன், நாற்பது ஐம்பது பேர் பாராட்டினார்கள். இன்று மத்தியானம் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றைத் திரும்ப எழுப்பி வைத்திருக்கிறேன். உனக்கு இப்போது பதினான்கு மாதம். பக்கத்து அறையில் தொட்டிலில் தூங்குகிறாய். நீ இதை வாசிக்கும்போது இருபத்தைந்து வயது ஆளாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால் கொஞ்சல் எல்லாம் கிடையாது. உறையில் போட்டு ஒட்டாமல் எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைப்பதற்குக் காரணம், பெருமையை எங்கே எழுதினேனோ அங்கேதான் இதையும் எழுத வேண்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்கு வராது. குற்றாலத்துக்கு மேலே ஒரு தனியார் பழத்தோட்டத்துக்குள் சின்ன அருவி ஒன்று இருக்கிறது. போன ஞாயிறு சாயங்காலம் அதில் திடீரென்று தண்ணீர் வந்து, குளித்துக்கொண்டிருந்த ஆறு பேரை உருட்டிக்கொண்டு போனது. ஐந்து பேர் சிராய்ப்போடு தப்பித்தார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. தண்ணீர் ஏறினால் கத்த வேண்டிய சைரன் கத்தவில்லை. அங்கே காவலுக்கு இருந்த மாடசாமி அண்ணாச்சிதான் அதைக் கெடுத்தார் என்று செவ்வாய்க்கிழமை விசாரணையில் முடிவாகப் போகிறது. வேலை போவதோடு நிற்காது, கேஸாகும், அறுபது வயதில் உள்ளே போவார். அதற்கு ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி. அந்த அறிக்கையை எழுத வேண்டியவன் நான். கெடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

என் வேலை என்னவென்று உன் அம்மா வீட்டார் கேட்டால் ‘கம்ப்யூட்டர்ல’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். உனக்கு முழுசாகச் சொல்கிறேன். எந்த மின்னணுப் பெட்டிக்குள்ளும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிரல் ஓடும். சென்சார், விளக்கு, மணி எல்லாம் அது சொல்வதைத்தான் கேட்கும். அதற்குக் கெர்னல் என்று பேர். நாங்கள் எழுதுகிறதை இயந்திரத்துக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றிக் கொடுக்கிறது கம்பைலர். அது சும்மா மாற்றாது, முணுமுணுத்துக்கொண்டே மாற்றும். ‘இந்த இடத்தில் இப்படி எழுதியிருக்கிறாயே, யோசித்துத்தான் எழுதினாயா’ என்று கேட்கும். அந்த முணுமுணுப்புதான் வார்னிங். பிழை என்றால் வேலையை நிறுத்திவிடும். வார்னிங் என்றால் சொல்லிவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்விடும். கேட்கிறவன் கேட்கலாம், கேட்காதவன் டீ குடிக்கப் போகலாம். சென்னையில் இருக்கிற ஒரு சின்னக் கம்பெனிக்கு, தென்காசியில் இந்த வாடகை மாடி வீட்டிலிருந்து, இந்த முணுமுணுப்புகளை அடக்குகிற வேலை பார்க்கிறேன். அடக்குகிற என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன்.

அந்தக் கம்பெனி செய்கிறது வெள்ளச் சைரன் பெட்டி. அருவிக்கு மேலே தண்ணீர் வந்து தேங்குகிற கசத்தில் ஒரு சென்சார் தொங்கும். அது தண்ணீர் எவ்வளவு உயரம் என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை பெட்டிக்குச் சொல்லும். மட்டம் தொண்ணூறு சென்டிமீட்டரைத் தாண்டினால் கீழே சைரன் கத்தும். பெட்டியின் முகத்தில் இரண்டு விளக்கு. பச்சை எரிந்தால் எல்லாம் சரி. சிவப்பு எரிந்தால் பெட்டிக்கே உடம்பு சரியில்லை, மனுஷன் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டி வந்த அன்றைக்கே அண்ணாச்சி கழுத்தில் கிடந்த விசிலைத் தோட்டத்து மேனேஜர் வாங்கி மேஜை டிராயரில் போட்டுவிட்டார். குளிக்க வருகிறவர்களுக்கு அந்தச் சத்தம் தொந்தரவாம். ‘சைரன் ஒலித்தால் உடனே வெளியேறவும்’ என்று போர்டு வைத்தார்கள். ஒலிக்காவிட்டால் இருக்கலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்? அண்ணாச்சிக்கு ஆத்திரம். நாலு பேர் கேட்க, “இந்தச் சவத்துப் பொட்டிய ஒரு நாளு பிச்சு எறியுதேன் பாரு” என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியம் இப்போது அவர் கழுத்தைச் சுற்றிக் கிடக்கிறது.

ஜூன் மாதத் தொடக்கத்தில்தான் நான் முதல்முதலாகத் திரையில் ஒரு மூச்சைப் பார்த்தேன். பெட்டி அனுப்புகிற மட்டக் கணக்கு என் திரையில் ஒரு கோடாக வரும். அந்தக் கோடு தினமும் விடிகாலையில் இருபத்து நாலில் நின்றது. வெயில் ஏற ஏறக் கூடியது. மத்தியானம் மூன்று மணிக்கு முப்பத்தெட்டு. பிறகு பையப் பைய இறங்கி, மறுநாள் விடிகாலையில் மறுபடி இருபத்து நாலு. ஒரு நாளைக்கு ஒரு தடவை மூச்சை இழுத்து ஒரு தடவை விடுகிற மாதிரி. எனக்கு அது அழகாக இருந்தது. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். “தண்ணி எங்கயாச்சும் மத்தியான வெயில்ல ஏறுமா? எனக்கு என்னமோ நல்லா படல. மூடி வைங்க” என்றாள். மேலே எஸ்டேட்காரர்கள் தண்ணீர் திறந்துவிடுவார்கள் என்று ஒரு காரணத்தைக் கட்டிச் சொன்னேன். எனக்கு அது தெரியாது, அப்போது வாயில் வந்தது. எதற்கும் உடனே ஒரு காரணம் வைத்திருக்கிற ஆளைப் பார்த்தால் நீ கொஞ்சம் விலகி நில். அந்த ஆள் நானாக இருந்தாலும் சரி.

ஜூலையில் கம்பைலரின் புதுப் பதிப்பு வந்தது. பழையதைவிடக் கூர்மையான காது அதற்கு. பல வருஷமாக வாயைத் திறக்காத இடங்களில் எல்லாம் முணுமுணுக்க ஆரம்பித்து, முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எண்ணிக் கொடுத்தது. சென்னையில் என் மேலதிகாரி, எங்கள் பாஷையில் லீட், போனில் சொன்னான்: “ப்ரோ, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள ஜீரோ வேணும். கிளையண்ட் கேக்குறான்.” நான் உட்கார்ந்தேன். நிரலில் பயன்படாத பேரை வெட்டினேன், விட்டுப்போன அடைப்புக்குறியைப் போட்டேன். நாளைக்கு முப்பது வீதம் விழுந்தது. கடைசியாக ஒன்று நின்றது. சென்சாரிடம் பேசுகிற நிரலில் நானூற்றுப் பதினெட்டாவது வரி. ‘மட்டம் என்ற பெயர் மதிப்பு வைக்கப்படாமலே பயன்படலாம்’ என்றது கம்பைலர்.

இது புரிய உனக்கு ஒன்று தெரிய வேண்டும். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் லாட்ஜில் ரூம் எடுத்திருக்கிறாயா? ஒருத்தர் இறங்கினதும் அடுத்தவரை ஏற்றிவிடுவார்கள், பெருக்க நேரம் இருக்காது. கதவைத் திறந்தால் முந்தின ஆளின் ஈரத்துண்டு கொடியில் கிடக்கும், எண்ணெய் வாடை அடிக்கும், கண்ணாடியில் யாரோ ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு இருக்கும். கணினியின் நினைவகமும் அப்படித்தான். ‘மட்டம்’ என்று ஓர் அறையைக் கேட்டால் கொடுக்கும், பெருக்கிக் கொடுக்காது. உள்ளே நீயாக ஒரு எண்ணை வைக்காவிட்டால், அதற்கு முன்னால் அங்கே தங்கிப் போனவன் விட்டுப்போனதுதான் உன்னுடைய எண். எங்கள் நிரல் சென்சாரை மூன்று தடவை கூப்பிடும். பதில் வந்தால் அறையில் வைக்கும். மூன்று தடவையும் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதினவன் யோசிக்கவில்லை. பெருக்காத அறையைத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்து, இதுதான் தண்ணீர் மட்டம் என்று சொல்லிவிடும். கம்பைலர் சுட்டிக் காட்டினது இதைத்தான். பதில் வராவிட்டால் என்ன என்று கேட்டது. நான் அந்தக் கேள்வியை வாசிக்கவே இல்லை. வரியின் தலையில் ‘மட்டம் = 0’ என்று எழுதினேன். மூன்று வினாடி வேலை. கம்பைலர் வாயை மூடிக்கொண்டது. குறிப்பில் ‘வார்னிங் சரி செய்யப்பட்டது’ என்று போட்டேன். சரி செய்யவில்லை மகனே, வாயைப் பொத்தினேன்.

இது எனக்கு முதல் தடவையும் இல்லை. அச்சன்புதூர் வயலில் உன் தாத்தாவுக்குக் கிணற்று மோட்டார் ஒன்று இருந்தது. நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் லீவுக்கு வந்திருந்தபோது அது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்றது. ஸ்டார்ட்டர் டக்கென்று விழும், நான் வரப்பில் ஓடிப்போய்ப் பச்சைப் பட்டனை அமுக்குவேன். நாலாவது தடவை எரிச்சலாகித் தீப்பெட்டி அட்டையை மடித்துப் பட்டனில் சொருகிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். நிற்கவே இல்லை. சாயங்காலம் போனால் மோட்டார் பாடிக்கொண்டிருக்கிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. ரொம்ப நேரமாக வரவில்லை போல, தொட்டி காய்ந்து கிடந்தது. ஆளில்லாத வயலில் அது மட்டும் ஒரே சுருதியில் பாடுவதைக் கேட்டு உன் தாத்தாவைக் கூப்பிட ஓடினேன். மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்த வாடை அப்புறம்தான் வந்தது. தாத்தா அட்டையை உருவி எடுத்துப் பார்த்தார். “ஏலே, அது சும்மாவா விழுந்துச்சு?” என்று மட்டும் கேட்டார். எனக்கு எஞ்சினியரிங் படிக்கிற திமிர். “ஸ்டார்ட்டர் மட்டம் அப்பா, மாத்தணும்” என்றேன்.

ஜூலைக் கடைசிக்கு வருகிறேன். புது நிரல் பெட்டிக்குள் போனது. அன்றோடு மூச்சு நின்றது. திரையில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், ஒரு நேர்க்கோடு. பூஜ்யம் தொண்ணூறுக்குக் கீழேதானே, அதனால் பச்சை விளக்கு. நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். எந்த ஏற்ற இறக்கமும் இல்லாததால் எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்த நாட்களில் இங்கே எப்படி இருந்தது தெரியுமா? விடாத சாரல். மொட்டை மாடியில் போட்ட உன் துணி மூன்று நாளாகக் காயாமல் வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தோம். என் தலைக்கு மேலே உன் சட்டைகள் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தன. ஜன்னலைத் திறந்தால் மலையே தெரியாது, வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது. மேலே எல்லா அருவியும் கொட்டுகிறது என்று தென்காசியில் பிறந்த எவனுக்கும் அதைப் பார்த்தாலே தெரியும். எனக்கும் தெரியும். அந்தச் சொட்டுகளுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கசத்தில் தண்ணீரே இல்லை என்று திரை சொன்னதை நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்பதைப் புதன்கிழமை அண்ணாச்சி வாயால் கேட்டேன். கம்பெனி என்னைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதச் சொல்லியிருந்தது. அருவியை மூடிவிட்டார்கள், ஆள் இல்லை. நானும் அவரும் மட்டும் கசத்துக்கு ஏறினோம். வழியெல்லாம் அவர் திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனார்.

“நாலே காலு இருக்கும் தம்பி. திடீர்னு அருவிச் சத்தம் மெலிஞ்சிட்டு. ஒரு ஆளு பேசிக்கிட்டு இருக்கும்போதே மூச்ச உள்ள இழுத்தா எப்படி இருக்கும், அப்படி. குரங்கு ஒண்ணுகூட இல்ல. அதுவரைக்கும் பழத்தோலுக்குச் சண்ட போட்டுக்கிட்டுக் கெடந்துச்சுவோ, எங்கன போச்சுன்னே தெரியல. பொறவு மண்ணு வாடை. எனக்கு வெளங்கிட்டு. ‘வெளிய வாங்க, வெளிய வாங்க’ன்னு கத்துதேன். சங்கரன்கோவில்காரன் ஒருத்தன், தலை நெறைய ஷாம்பு நொரை, திரும்பிப் பாத்து, ‘மெஷினே கத்தல, நீரு ஏன் வேய் கத்துதீரு’ங்கான். எல்லாரும் சிரிக்காவ. அந்த டீச்சரம்மாவும் சிரிச்சாவ தம்பி. அந்த மொகந்தான் கண்ணுல நிக்கி.”

“நீங்க என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?”

“என்ன செய்ய? எறங்கி முடியப் புடிச்சு இழுத்தேன். கைக்கு எட்டுனது அஞ்சு பேரு.”

கசம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. பெட்டி மேலே பாறையில் ஒரு கம்பத்தில் இருந்தது. அதிலிருந்து கறுப்புக் கம்பி இறங்கி, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே காற்றில் முடிந்தது. நுனியில் சென்சார் இல்லை. ஒன்றுமே இல்லை. பெட்டியின் முகத்தில் பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “செத்தவன் கையப் புடிச்சா நாடி ஓடுத மாதிரில்லா இருக்கு” என்றார். சாரல் முகத்தில் அடித்தது. எனக்கு உடனே அங்கிருந்து இறங்கிவிட வேண்டும் போல இருந்தது. இருந்தும் கம்பியின் நுனியைப் பிடித்துப் பார்த்தேன். ரப்பரில் வரிசையாகப் பல் தடம். முள்ளம்பன்றி கடித்திருக்க வேண்டும். உள்ளே செம்பு பச்சை பூத்துப் போயிருந்தது. நேற்று முந்தாநாள் அறுந்த செம்பு பச்சை பூக்காது. அது போய் மாதங்கள் ஆகிவிட்டன. எட்டு போட்டோ எடுத்தேன்.

இறங்கி வந்து லீடுக்குப் போன் போட்டேன். அவன் அவசரமே படவில்லை. “பெட்டி எழுதி வச்ச லாக்ல ஜீரோன்னு வந்திருக்கு ப்ரோ. அப்போ சாஃப்ட்வேர் ஒழுங்கா வேலை பாத்திருக்கு. அந்த வாட்ச்மேன் கேபிளை அறுத்துட்டாரு. பிச்சு எறியுறேன்னு அவரே சொன்னாராமே, மேனேஜர் சொல்றாரு.”

“பல் தடம் இருக்கு.”

“பல் தடம்னு எழுதாத. சேதம்னு எழுது. அறுக்கப்பட்டிருக்கலாம்னு எழுது. ‘லாம்’னுதானே போடுற, பொய் இல்லையே.”

வியாழக்கிழமை எழுதினேன். மூன்றாவது பத்தி: ‘கம்பி காவலரால் வேண்டுமென்றே அறுக்கப்பட்டிருக்கலாம்.’ ஆமாம், எழுதினேன். நீ என்னைப் பற்றிக் கடைசியில் என்ன நினைத்தாலும் இதையும் சேர்த்து நினை. கம்பைலர் ‘மதிப்பு இல்லாமலே பயன்படலாம்’ என்று சொன்னபோது அந்த ‘லாம்’ எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. நான் எழுதின ‘லாம்’ ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பப் போதும் என்று நன்றாகத் தெரிந்தது. அனுப்பாமல் மட்டும் வைத்திருந்தேன். அனுப்பாததற்குக் காரணம் நல்ல எண்ணம் இல்லை. செம்பு பூத்து மாதங்கள் ஆகிவிட்டன என்றால், ஜூனில் நான் பார்த்த அந்த மூச்சு யாருடையது? சென்சாரே இல்லாத கம்பியில் தினமும் ஏறி இறங்கினது என்ன? மூன்று நாளாக அதுதான் என்னைத் தின்றது.

இன்று மத்தியானம் மேஜைமேல் சோதனைப் பலகையை எடுத்து வைத்தேன். பெட்டிக்குள் இருக்கிற அதே சர்க்யூட், மூடி இல்லாமல். சென்சாரை மாட்டவில்லை. நான் எழுதின பூஜ்யத்தை அழித்துவிட்டுப் பழைய நிரலை ஓட்டினேன். கம்பைலர் அதே வார்னிங்கை அதே வார்த்தையில் சொன்னது. சோதனைக்காக வினாடிக்கு ஒரு தடவை கேட்க வைத்திருந்ததால் திரையில் எண்கள் வேகமாக வந்தன. மட்டம் முப்பது. முப்பது. முப்பது. இந்த அறையில் குடிக்கிற செம்பைத் தவிர வேறு தண்ணீர் இல்லை. நான் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தவழ்ந்து வந்து நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றாய். மடியில் தூக்கி வைத்தேன். நீ கையை நீட்டிப் பலகையின்மேல் உள்ளங்கையை வைத்தாய். முப்பத்தொன்று. நான் மூச்சுவிடவில்லை. முப்பத்திரண்டு. முப்பத்துநாலு. உன் கைக்கு அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நீ சிரித்தாய். உன் கையை விலக்கினேன், எண் பைய இறங்கினது.

பலகையில் உஷ்ணம் பார்க்கிற சின்னச் சில்லு ஒன்று உண்டு. மட்டத்தைக் கேட்பதற்குச் சற்று முன்னால் நிரல் அதைக் கேட்கும். அறையில் முதலில் தங்குகிறது அதுதான். சென்சார் பதில் சொல்லாதபோது, அது விட்டுப்போன துண்டைத்தான் நாங்கள் தண்ணீர் என்று வாசித்திருக்கிறோம். அந்த மூச்சு பாறைமேல் பெட்டியில் அடித்த வெயில். காரணம் தெரிந்த பிறகும் எனக்கு மயிர்க்கூச்சம் அடங்கவில்லை, இப்போதுகூட. பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தேன், பெட்டி மே மாதமே குருடாகிவிட்டது. குருடு என்று சொல்ல அதற்குத் தெரியவில்லை. சொல்லிக்கொடு என்று கம்பைலர் என்னைக் கேட்டது. பதில் வராவிட்டால் சிவப்பு விளக்கைப் போடு என்று நாலு வரி எழுதியிருந்தால், அண்ணாச்சி ஜூலையிலேயே அதைப் பார்த்திருப்பார், மேனேஜர் அருவியை அடைத்திருப்பார். நான் எழுதினது பூஜ்யம். பூஜ்யம் என்பது ஒரு பதில். தண்ணீர் இல்லை, பயமில்லை, குளியுங்கள் என்று அர்த்தம். உனக்கு நான் கொடுக்கிற புத்திமதி இது ஒன்றுதான்: தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுது. அங்கே பூஜ்யம் போடாதே. இதே பெட்டி வேறு இரண்டு ஊரில் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு உட்காரும் முன் இரண்டு இடத்துக்கும் போன் போட்டு, அதை அணைத்துவிட்டுக் காவலுக்கு ஆளை நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் உன்னைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உனக்கு ஏழு மாதம் இருக்கும்போது நடந்தது ஒன்று அவளுக்கும் எனக்கும் நடுவில் இன்னும் கிடக்கிறது. அவள் கடைக்குப் போயிருந்த நேரம் நீ வீறிட்டு அழுதாய். நான் போனில் அருவிச் சத்தம் போட்டு உன் தலைமாட்டில் வைத்தேன், குழந்தைகள் அதற்கு அடங்கும் என்று எங்கோ வாசித்திருந்தேன். அடங்கினாய். வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அவள் வந்து பார்த்தபோது நீ கண்ணை அகலத் திறந்து, அசையாமல், சத்தமில்லாமல் கிடந்தாயாம். காதுக்குள் சிற்றெறும்பு. தேங்காய் எண்ணெய் விட்டு எடுத்தாள். அன்றைக்கு அவள் என்னைத் திட்டவில்லை. போனை எடுத்து அந்தச் சத்தத்தை நிறுத்தினாள், அவ்வளவுதான்.

இன்று முழுசாகக் கேட்டுவிட்டு, “வேலை போயிருமா?” என்றாள்.

“போகும். கேஸும் வரலாம்.”

“புள்ளைக்கு ஒண்ணர வயசுகூட ஆவல.” கொஞ்ச நேரம் மடித்தாள். “நீங்க எழுதி வச்சிருக்கியளே, அதுல அவரு பேரு இருக்கா?”

“பேரு இல்ல. காவலர்னு இருக்கு.”

“அங்கன எத்தன காவலர்?”

“ஒருத்தர்.”

அவள் மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, என் மேஜைமேல் இருந்த செம்பை எடுத்து அந்தப் பலகைக்குத் தள்ளி வைத்தாள். “அனுப்புததுக்கு முன்னால எனக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க. ஒரு எழுத்துகூட ‘லாம்’ இருக்கக் கூடாது” என்றாள்.

மணி ஐந்து இருபத்தாறு. இனி செய்யப்போவது:

1. அறிக்கையின் மூன்றாவது பத்தியை அழிப்பேன். அந்த இடத்தில், நானூற்றுப் பதினெட்டாவது வரியில் கம்பைலர் என்ன கேட்டது, நான் என்ன எழுதினேன், எந்தத் தேதியில் எழுதினேன் என்று என் பேரோடு எழுதுவேன்.

2. எட்டு போட்டோவையும் சேர்ப்பேன். பல் தடம் என்றே எழுதுவேன். மே மாதத்திலிருந்து வெயிலும் மட்டமும் ஒரே கோடாகப் போகிற படத்தையும் வைப்பேன்.

3. உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

4. லீட், தோட்டத்து மேனேஜர், விசாரணை அதிகாரி மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவேன். ஒருத்தர் வாங்கி மடித்து வைத்துவிட வழி இருக்கக் கூடாது. லீட் கூப்பிட்டால் எடுப்பேன், ஒரு தடவை சொல்வேன், வாதாட மாட்டேன்.

5. சென்சார் பதில் சொல்லாவிட்டால் சிவப்பு விளக்கு எரிகிற நாலு வரியை எழுதி, சென்சாரைக் கழற்றிவிட்டு, எரிகிறதா என்று என் கண்ணால் பார்ப்பேன். அதற்குள் என்னைக் கம்பெனிக் கணக்கிலிருந்து வெளியேற்றிவிட்டால் காகிதத்தில் எழுதிக் கொடுப்பேன்.

6. நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குப் போவேன். டீச்சரம்மாவின் வீட்டுக்காரர் வராந்தாவில்தான் இருக்கிறாராம். என்ன சொல்வது என்று தெரியவில்லை. போவேன்.

7. அங்கிருந்து நேராக அண்ணாச்சி வீட்டுக்குப் போய், வியாழக்கிழமை நான் எழுதினது என்ன என்பதை அவரிடம் சொல்வேன். அனுப்பவில்லைதானே என்று அவர் சமாதானம் சொல்ல வந்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

8. செவ்வாய்க்கிழமை பத்து மணி விசாரணைக்குத் தோட்டத்து ஆபீசில் எனக்கு நாற்காலி போடுவார்கள், அவருக்குப் போட மாட்டார்கள். நான் அவர் பக்கத்தில் நிற்பேன்.